ஏழாவது லைனில் யார்?

தனத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டெலிபோன்காரர் பெட்டியைத் திறந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தால், பஸ் போனால் போகட்டும் என்று நின்று, "இதுல எது சார் எங்க வூட்டுக்குப் போவுது?" என்று கேட்டுவிட்டுத்தான் நகருவாள். பதில் வரும்வரை விடமாட்டாள். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் இதை ரசித்தான். இப்போது அவள் வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறான். பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே முதல் மாடி. பல்லாவரத்துத் தோல் வியாபாரி மைதீன் பிச்சை நடத்திவந்த அறக்கட்டளை ஆம்புலன்ஸின் கண்ட்ரோல் ரூம் அது. ஆறு வண்டிகள், எட்டு போன் லைன்கள், ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர். வரும் போன்களையெல்லாம் வாங்கி, வரிசையில் நிறுத்தி, காதுக்கு அனுப்புவது மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த சர்வர். தனம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "எங்க, யாருக்கு, இன்னா ஆச்சு?" என்று கேட்க வேண்டும். சம்பளம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லும் வேலை! மூன்று வருஷமாக அவள் அதில் குறையே வைத்ததில்லை.

அந்த சர்வரை மூன்று வருஷமாக யாரும் நிறுத்தியதில்லை. அதற்குக் காரணம் ரத்தினம். பதினெட்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டி, முதுகு போனதால் கண்ட்ரோல் ரூமுக்கு மேனேஜராக மாடியேறியவர். ஓடுகிற வண்டியை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பது அவர் அனுபவம். கம்ப்யூட்டரும் அவருக்கு ஒரு வண்டிதான். காலையில் வந்ததும் சட்டையைக்கூட உதறாமல், சுவரில் மாட்டிய கரும்பலகையில் நேற்றைய எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதுவார். சர்வர் நிற்காமல் ஓடிய நாட்களின் கணக்கு அது. ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது சர்வருக்கும் வைப்பார்கள். வண்டிகள் கொஞ்ச நேரமாவது முறைபோட்டு ஓய்வெடுக்கும், சர்வருக்கு அதுவும் கிடையாது.

2009 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, பலகையில் 1131 என்று எழுதியிருந்தது. அன்று காலையில்தான் இரம் வந்தாள்.

இரம் பொழிச்சலூர்ப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தலைக்கு மேலே விமானம் போகும் ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, கொஞ்சம் சத்தமாகவே பேசுவாள். மாதம் ஒருமுறை வந்து சர்வரைப் பார்த்துவிட்டுப் போகும் கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். அன்று மாதக்கணக்கு இல்லை, அவசரமாக வந்திருந்தாள்.

"சார், சர்வர்ல ஒரு ஓட்டை. நம்ம மிஷின் மட்டும் இல்ல, இந்த மாதிரி எல்லா மிஷின்லயும்தான். போன வாரம் கண்டுபிடிச்சிருக்காங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அடைக்கலைன்னா வண்டலூர் பக்கத்து ஆஸ்பத்திரிக்காரங்க அவங்க கம்ப்யூட்டருக்கும் நமக்கும் இருக்கிற இணைப்பைத் துண்டிச்சிடுவோம்னு மெயில் போட்டிருக்காங்க."

ரத்தினத்துக்கு முகம் மாறியது. 108 வந்த பிறகு பாதி போன்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி நோயாளியை மாற்றும் அழைப்புகள்தான் இப்போது கஞ்சி ஊற்றுகின்றன.

"அடைக்கணும்னா?"

"சாதாரணமா ரீபூட் பண்ணணும். நிறுத்தித் திருப்பி ஓட்டணும்."

"அந்தப் பேச்சே வேணாம்மா. அது நின்னுகினு இருக்கற நேரத்துல ஒருத்தன் நெஞ்சைப் புட்சிகினு போன் பண்ணா எவன் எடுக்கறது? நம்பரை வேற எடத்துக்குத் திருப்பி வுட டெலிபோன் ஆபீஸ்ல ரெண்டு நாள் ஆவும்ன்றான். அப்பறம் அது திரும்பக் கெளம்பலைன்னா? உங்க கம்பெனியா வந்து தோள்ல தூக்கிகினு போவும்?"

"அதான் சார், நிறுத்தாமலே அடைக்கப் போறேன்."

ரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தனம் ஹெட்போனைக் காதிலிருந்து பாதி நகர்த்திக்கொண்டாள். சும்மா விடுவாளா?

"நிறுத்தாமயா? எப்டி பாப்பா?"

அன்று போன் அவ்வளவாக இல்லை. இரம் கண்ணாடிக் கூண்டிலிருந்து மானிட்டரை வெளியே இழுத்து மேஜைமேல் வைத்து, கீபோர்டைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்குக்கா. கட்டட வேலையில மேஸ்திரி மாதிரி. யாருக்கு எப்ப செங்கல், யாருக்கு எப்ப தண்ணி, எல்லாம் அவர் சொல்றபடிதான். இப்ப அவர் செய்யற ஒரு வேலையில தப்பு இருக்கு. யார் வேணா வந்து 'நான்தான் ஓனர்'னு சொன்னா நம்பிச் சாவியைக் குடுத்துடறார்."

"நல்ல மேஸ்திரிதான் போ. ஆளை மாத்து."

"ஆளை மாத்தணும்னா மொத்த வேலையும் நிக்கணும். அதான் ரீபூட். இது புதுசு, இப்பதான் வந்திருக்கு. அவர் வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அந்த ஒரு பழக்கத்தை மட்டும் மாத்திடறது. அவருக்கே தெரியாது."

"அவருக்கே தெரியாதா!" தனத்துக்குப் புல்லரித்தது. "பழசை அழிச்சிட்டுப் புதுசு எழுதுவியா?"

"இல்லக்கா. பழசு அப்படியே கிடக்கும். பெருங்களத்தூர்ல ரோடு வேலை நடக்கும்போது மாற்றுப் பாதைன்னு ஒரு போர்டு வெக்கிறாங்கல்ல? அதே மாதிரி பழைய வழியோட வாசல்ல ஒரு போர்டு. இனிமே வர்ற எல்லாரும் புது வழியில போயிடுவாங்க. போர்டு வெக்கிறதுக்காக எல்லாரையும் ஒரு தடவை நிறுத்தறோம், ஆனா ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒண்ணுகூட ஆகாது. நீங்க பேசிக்கிட்டு இருந்தாக்கூடப் பேச்சு அறுபடாது."

தனம் கண்ணை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். இதைவிடச் சின்ன நேரமா? அடேயப்பா! அந்த நேரத்தைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மானிட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளுக்கு வழக்கம்போல அடுத்த கேள்வி வந்தது.

"சரி பாப்பா, நீ போர்டு வெக்கறதுக்கு முன்னாடியே பழைய ரோட்டுக்குள்ள போயிட்டவன் இன்னா ஆவான்? அவன் பாதி வழியில கீறானே?"

இரம் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "எங்க ஆபீஸ்ல நாலு பேர் இந்தக் கேள்வியைக் கேக்கலக்கா. அப்படி யாராவது உள்ள இருந்தா இது வேலை செய்யாது. அவங்க வெளிய வர்றவரைக்கும் காத்திருந்து மறுபடி பார்க்கும். ஆனா யாரும் அங்க ரொம்ப நேரம் இருக்க மாட்டாங்க. நாம மாத்தற தப்பு, வர்ற போனைக் காக்க வெக்கிற வேலைக்குள்ளதான் இருக்கு. ஒவ்வொரு போனும் அதுக்குள்ள போகும், நீங்க எடுத்துப் பேசி வெச்சதும் வெளிய வந்துடும்."

சொல்லிவிட்டு ஒரு கட்டளையைத் தட்டினாள். திரையில் நாலு வரி ஓடியது. முடியவில்லை என்றது. மறுபடி தட்டினாள். முடியவில்லை. ஐந்து தடவை, பத்துத் தடவை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து இன்னும் பத்துத் தடவை. ரத்தினம் பின்னால் நின்று, "நான் சொன்னேன்ல?" என்பதுபோலக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ உள்ளயே இருக்காங்க," என்றாள் இரம்.

"யாரு?" தனத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரே ஒருத்தர். ஒவ்வொரு தடவையும் அதே ஆள்தான்." திரையில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "ஏழாவது லைன்."

ரத்தினம் சிரித்துவிட்டார். "ஏழா? அது காலிம்மா. செத்துப் போன லைன் அது."

ஏழாவது லைன் செத்த கதை அந்த ரூமில் எல்லாருக்கும் தெரியும். சர்வரை வைத்த புதிதிலேயே, மேஜைமேல் இருந்த போன் பெட்டியில் அதன் பொத்தானின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தது. டெலிபோன்காரர் வந்து பார்த்து, எங்க பக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சர்வரை விற்றவர் ஒருமுறை நிறுத்தி ஓட்டினால் சரியாகிவிடும் என்றார். ரத்தினம் நிறுத்துவாரா? அந்த விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியைக் கிழித்து அதன்மேல் ஒட்டிவிட்டார். அதோடு எட்டு லைன் ஏழு லைனாயிற்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள், ஏழைத் தொடாதே என்று.

"சாகல சார்," என்றாள் இரம். "ஒரு கால் நிக்குது. ஹோல்டுல. அந்தப் பக்கத்து ஆள் போனை வெச்சாங்களா இல்லையான்னு இந்த மிஷினுக்குத் தெரியாது. நம்ம பக்கம் எடுத்து முடிச்சாத்தான் முடியும். யாரும் எடுக்கல, அதனால அது இன்னும் காத்துக்கிட்டே இருக்கு." இன்னொரு கட்டளையைத் தட்டினாள். "இதோ, நம்பர்கூட இருக்கு. வந்த நேரம் 2006 ஆகஸ்ட் பதினாலு, காலையில பதினொண்ணு நாற்பத்திரண்டு."

"மூணு வருசமா ஒருத்தன் லைன்ல நிக்கறானா?" என்று கேட்ட தனத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு தேதி மண்டையில் ஏறியது. அவள் வேலைக்குச் சேர்ந்தது ஆகஸ்ட் பன்னிரண்டு, சனிக்கிழமை. சர்வர் வந்த அதே நாள். பதினாலாம் தேதி திங்கட்கிழமை, அவளுக்கு மூன்றாவது நாள், காலை ஷிப்ட்.

எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து 2006-ம் வருஷத்து நோட்டை உருவினாள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு போனையும் கையால் எழுதி வைப்பார்கள். ஆகஸ்ட் பதினாலு. பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒரு பிரசவம். அடுத்தது பதினொன்று நாற்பத்துமூன்று: பெருங்களத்தூர், லாரி மோதி ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது, ஐந்து பேர். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. எழுத்து தனத்தின் எழுத்து.

அந்த இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தாள்.

அந்த ஷேர் ஆட்டோவை அவள் எப்படி மறப்பாள்? மூன்று நாள் பழக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளை அனுப்பி, எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த மூன்றாவதையும் திருப்பிவிட்டாள். ஐந்து பேரும் பிழைத்தார்கள். மைதீன் பிச்சை பாயே மாடியேறி வந்து, எல்லார் முன்னாலும் ஒரு கேடயம் கொடுத்தார். தற்காலிகமாக எடுத்தவளை அன்றைக்கே நிரந்தரமாக்கினார். அந்த வேலையை வைத்துத்தான் அவள் பெண்ணைப் படிக்கவைக்கிறாள். இப்போது, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அதற்கு முந்தின ஒரு நிமிஷம் மெதுவாக மேலே வந்தது. ஒரு பெண் குரல். பேச ஆரம்பித்துவிட்டது. அதற்குள் எல்லா விளக்கும் ஒன்றாக மின்னியது. "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லி ஒரு பொத்தானை அமுக்கினாள். லாரி, ஆட்டோ, ரத்தம், டிரைவர்கள் என்று கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ஏழெட்டு நிமிஷம் போனது. திரும்ப வந்தபோது அந்தக் குரல் எந்தப் பொத்தானில் இருந்தது என்றே தெரியவில்லை. வெச்சிட்டாங்க போல என்று நினைத்தாள். அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதே மறந்துவிட்டாள்.

"பாப்பா, அது நான்தான்," என்றாள். "நான் நிக்க வெச்ச ஆளு."

இரம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அக்கா, இது ஒரு புரோகிராம் அவ்வளவுதான். ஒரு வரி தட்டினா மூடிடும். மூடினா நம்ம வேலையும் உடனே முடிஞ்சிடும்," என்றாள்.

"மூடாத. அது யாருன்னு தெரியணும்."

"தனம்!" ரத்தினம் குரலை உயர்த்தினார். "மூணு வருசம் ஆச்சு. இப்பத் தோண்டி இன்னா பண்ணப் போற? நல்லபடியா இருந்தா அவங்க மறந்துட்டு இருப்பாங்க. நல்லபடியா இல்லன்னா? கேஸு கோர்ட்டுன்னு பேஜாராப் பூடும். பாய் பேரு இன்னா ஆவறது? உன் வேலை இன்னா ஆவறது? நீ போயி நிம்மதியா கேட்டுகினு வந்துருவியா?"

"தெரியாம இருந்தா மட்டும் நிம்மதியா தூங்குவனா அண்ணா?"

"இவ்ளோ நாள் தூங்கினல்ல?"

அது சுருக்கென்று தைத்தது. ரத்தினம் கெட்ட மனுஷன் இல்லை. சொன்ன அடுத்த நொடியே அவர் முகமும் தொங்கிப் போனது. ஆனால் தனத்தின் வாழ்நாளில் எந்தக் கேள்வியும் அவளை இப்படிப் பிடித்ததில்லை. இத்தனை நாளும் ஊரார் ஒயரையும் கம்ப்யூட்டரையும் குடைந்தாளே, அதெல்லாம் விளையாட்டு. இது ஒன்றுதான் அவளுடைய கேள்வி. என் ஒரு நிமிஷத்தில் ஒரு உயிர் போயிற்றா, இல்லையா?

மணி நாலரை. அன்று லீவில் இருந்த அடுத்த ஆளின் மேஜையில் உட்கார்ந்து வருகிற போன்களை எடுக்கும்படி ரத்தினத்திடம் கண்ணால் கெஞ்சிவிட்டு, தன் செல்போனிலிருந்து அந்த எண்ணைப் போட்டாள். சேலையூர் பக்கத்து லேண்ட்லைன். மணி அடித்தது. எண்ணே மாறிப்போயிருக்கட்டும் என்று ஒரு மனசும், மாறியிருக்கக் கூடாது என்று ஒரு மனசும் வேண்டிக்கொண்டன.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"நான் தாம்பரம் ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம்லேர்ந்து பேசறேம்மா. 2006 ஆகஸ்ட் மாசம் பதினாலாம் தேதி, உங்க நம்பர்லேர்ந்து எங்களுக்கு ஒரு போன் வந்துகீது. அது இன்னாத்துக்குன்னு..." என்று இழுத்தாள் தனம்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இப்பவா கேக்கிறீங்க?" என்றது அந்தக் குரல்.

அவள் பெயர் தபீதாள். புருஷன் பெயர் தனசிங். அகரம்தென் போகும் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். வீடு கடைக்குப் பின்னாலேயே. கோபமாகப் பேசவில்லை. அதுதான் தனத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பலமுறை மனசுக்குள் சொல்லிப் பழகியதை அவள் சொன்னாள்.

"நெஞ்சு வலிக்குதுன்னு கடையிலேருந்து உள்ள வந்தாரு. நாற்காலியில உக்காந்தாரு. சுவத்துல உங்க நம்பர் எழுதியிருந்துச்சு, அதைப் பார்த்து அடிச்சேன். ஒரு நிமிஷம் இருங்கன்னு சொன்னாங்க. பாட்டு வந்துச்சு. ரெண்டு நிமிஷமோ மூணு நிமிஷமோ நின்னேன். அவரு நாற்காலியிலேருந்து சரிஞ்சிட்டாரு. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. போனை மேஜை மேலயே போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டேன். ஆட்டோ ஒண்ணும் கிடைக்கல. பால் வண்டி வந்துச்சு, அதுல ஏத்திட்டுப் போனோம். கேம்ப் ரோடு தாண்டும்போதே அவ்வளவுதான்."

தனம் வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்தினம் ஹெட்போனை மாட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பதில் வந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க எதுக்குக் கேக்கிறீங்கன்னு தெரியுது," என்றாள் தபீதாள். "உங்க மேல தப்பில்லம்மா. நான்தான் போனைப் போட்டுட்டு ஓடிட்டேன். நீங்க திரும்ப வந்து ஹலோ ஹலோன்னு கூப்பிட்டிருப்பீங்க. ஆள் இல்லன்னதும் வண்டி அனுப்பாம விட்டிருப்பீங்க. இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா அட்ரஸ் சொல்லியிருப்பேன். எனக்குப் பொறுமை இல்லாமப் போச்சு."

ஐயோ, இது என்ன அநியாயம்! தனம் செய்த தப்பை அவள் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கிறாள், அதுவும் மூன்று வருஷமாக. ரத்தினம் அங்கிருந்து வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். விட்டுவிடு, கேட்டது போதும், இதோடு வை என்று அந்தக் கை சொல்லியது. சும்மா சொல்லக்கூடாது, தனத்துக்கும் ஒரு கணம் அந்த ஆசை வந்தது. "சரிம்மா, கர்த்தர் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தால் முடிந்தது. கேடயம் அலமாரியிலேயே இருக்கும். கேட்பாரில்லை.

"இல்லம்மா," என்றாள் தனம். "நான் திரும்ப வரவேயில்ல."

"என்ன?"

"அன்னிக்கு போன் எடுத்தது நான்தான். என் பேரு தனம். உங்களை நிக்க வெச்சிட்டு வேற ஒரு ஆக்ஸிடென்ட் போனைப் பார்க்கப் பூட்டேன். திரும்பி வரல. மறந்துட்டேன். நீங்க ஒரு மணி நேரம் நின்னு இருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். நீங்க ஓடுனதுதான் சரி. உங்க லைன் இன்னிக்கு வரைக்கும் இங்க அப்டியே நிக்குது, அதை இப்பதான் பார்த்தோம்."

தனம் திட்டுக்காகக் காத்திருந்தாள். சாபம் விட்டால் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணியிருந்தாள். அழுதால் கூடச் சேர்ந்து அழலாம். தபீதாள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"வைக்காதீங்க," என்றாள் அவசரமாக. "வெச்சிடாதீங்க, கேட்டீங்களா? இங்க எங்க அத்தை இருக்காங்க. அவரோட அம்மா. அன்னிக்கு ஜெபக் கூட்டத்துலேருந்து வந்து பார்த்தப்ப போன் மேஜையில கிடந்துச்சு. அன்னிலேருந்து தினமும் ஒரே பேச்சுத்தான், போனைப் போட்டுட்டு ஓடி எம்புள்ளையக் கொன்னுட்டியேன்னு. சாப்பாட்டுத் தட்டை வெச்சாலும் அதுதான், வெளக்கு ஏத்தினாலும் அதுதான். நானும் ஆமாம்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப எங்கிட்டச் சொன்னதை அவங்ககிட்டச் சொல்லுங்க. தோட்டத்துல இருக்காங்க, கூட்டிட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. தனம் செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அக்கா," இரம் மெல்லக் கேட்டாள். "மணி நாலு அம்பத்தஞ்சு. என்ன பண்ணட்டும்?"

"மூடிடு பாப்பா."

இரம் ஒரு வரியைத் தட்டினாள். ஏழாவது லைன் வெளியே வந்தது. அடுத்த வரியைத் தட்டினாள். இந்தத் தடவை திரை மறுக்கவில்லை. ரத்தினத்தின் காதில் சானடோரியத்திலிருந்து யாரோ டயாலிசிஸுக்கு வண்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தப் பேச்சு ஒரு எழுத்துக்கூட அறுபடவில்லை. "முடிஞ்சுதுக்கா," என்று இரம் சொன்னபோதுதான் தனம் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து பார்க்கணும் பார்க்கணும் என்று பறந்தவள், அந்த நேரத்தை விட்டுவிட்டிருந்தாள். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

செல்போனில் சலசலப்புக் கேட்டது. "பிடிங்க அத்தை, காதுல வைங்க. ஆம்புலன்ஸ்காரங்க," என்றாள் தபீதாள். பிறகு மூச்சு வாங்கும் ஒரு முரட்டுக் குரல், "யாரு?" என்றது.

"அம்மா, என் பேரு தனம். அன்னிக்கு உங்க வூட்டுலேர்ந்து வந்த போனை எடுத்தது நான். உங்க மருமக மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க போனைப் போட்டுட்டு ஓடுனதால வண்டி வராமப் போகல. நான்தான் அவங்களை நிக்க வெச்சிட்டு மறந்துட்டேன்."

"என்னது? எனக்குக் காது சரியாக் கேக்காது. சத்தமாச் சொல்லு."

ரத்தினம் ஹெட்போனைக் கழற்றினார். இரம் எழுந்து நின்றாள். அறையின் கதவு திறந்துதான் இருந்தது, மாடிப்படியில் இரண்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். தனமும் எழுந்தாள். இருந்த குரலையெல்லாம் திரட்டி, கீழே ஜவுளிக்கடை வரைக்கும் கேட்கும்படி முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.